அக்கா கொடுத்த வாக்கும் முளைத்துப்போன மல்லாட்டையும்

அக்கா சாய்ந்த அன்று ஏழுமலையின் மல்லாட்டை (நிலக்கடலை) வயலில் இருந்தவர்கள்: ஏழுமலை, அவர் மனைவி செல்வி, பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி, அக்காவிடம் வேலை பழகிய கோமதி, தம்பியாகிய நான். வேறு யாரும் இல்லை. ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கம் மழையை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் எட்டாவதோடு நின்று, பிறகு வேன் ஓட்டப் போனேன். அக்கா விவசாயம் படித்தார். வாழ்க்கைப்பட்டது வேங்கிக்காலில். மாமாவும் போன பிறகு, சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். பணம் இல்லாமல் அதை மூடிவிட்டார்கள். அக்கா ஊர் ஊராகப் போவதை நிறுத்தவில்லை. கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை என்று, களை எடுப்பவர்களோடு தானும் குனிந்து களை எடுத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்.

"நெலம் பூரா வேணாங்க. ஒரு மூலைய குடுங்க, நான் சொல்றாப்ல செய்யுங்க. கம்மியா வெளஞ்சா, கொறையறத நான் தர்றேன்" என்பது அவர் வழக்கம்.

"ஏன்க்கா, மழை என்னா உன் தம்பியா, நீ சொன்னா கேக்க?" என்று பயந்து கேட்பேன்.

"தம்பி மட்டும் கேக்கறானா?" என்று சிரிப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு ரூபாய்கூட அவர் கொடுக்க நேர்ந்ததில்லை.

இந்த முறை, "காய் நல்லா முத்தட்டும், மூலைய மட்டும் இன்னும் கொஞ்ச நாள் உடுங்க" என்று ஆறு வீட்டாரிடம் சொன்னார். மற்ற இடத்தை அவர்கள் பிடுங்கி, காயவைத்து விற்றுவிட்டார்கள். பிறகு மழை பிடித்தது. நிற்கவே இல்லை. மூலையில் விட்ட காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது.

அன்று செல்வி ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். "இன்னாக்கா, மல்லாட்டை கேட்டா நாத்து உட்டு குடுத்திருக்கீங்க?"

"மூலையோட போச்சேன்னு சந்தோசப்படு. நெலம் பூரா உட்டிருந்தா கிரிவலப் பாதையில துண்டு விரிக்க வேண்டியதுதான்" என்றார் முனுசாமி.

"தப்பு என்னுதுதாங்க. சொன்னபடி தந்துடறேன்" என்றார் அக்கா. அப்படியே சேற்றில் சாய்ந்தார். என் வேனில்தான் ஏற்றிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்ததும் அக்காவின் சங்கிலியை விற்று, கோமதி போட்ட கணக்குப்படி பணம் எடுத்துக்கொண்டு போனேன்.

"செத்தவங்ககிட்ட காசு வாங்குவாங்களா? எடுத்துனு போப்பா" என்றார் ஏழுமலை.

"அப்போ அடுத்த வெதப்புக்கு கோமதி வரலாமாண்ணே?"

"அதெல்லாம் வேணாம்பா. எங்களுக்குத் தெரிஞ்சத நாங்க செஞ்சிக்கறோம்."

ஆறு வீட்டிலும் இதே பேச்சுதான். காபி கொடுத்தார்கள், அழுதார்கள், பணத்தைத் தொடவில்லை. நிலத்துக்குள் இனி யாரையும் விடவும் மாட்டார்களாம். கோமதி வீட்டோடு இருக்கிறாள். அக்கா நடந்த நடையெல்லாம் இந்த ஒரு மழையோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அக்காவைத் தூக்கி வந்தவர்களுக்கும், கிரிவலப் பாதையில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து எல்லோருக்கும் சமைத்துப் போட்ட எங்கள் தாய்மாமன் மகனுக்கும், கடைசிவரை கூடவே நின்ற கோமதிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் ஆறு வீட்டாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். எங்கள்மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க வேண்டாம். அக்கா வாக்குத் தவறியவர் என்று ஆகிவிடும். விதைப்புக்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா உங்கள் ஆறு வீட்டுக்கும் சேர்த்துத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.