ஏழாவது பாட்டு வாழ்த்தா, ஒப்பாரியா?

ஆறு மணிக்கு எங்கள் ஹோட்டலில் கல்யாணம். பாட்டுப் போடுவது என் டியூட்டி.

மணப்பெண் யூதர். அவரை அசத்த, மாப்பிள்ளை நானூறு வருடப் பழைய யூதப் பாடல்கள் அடங்கிய சிடி ஒன்றைத் தந்திருந்தார்.

"கல்யாண வாழ்த்தை மட்டும் போடுங்க. அந்தக் காலத்துல இடிஞ்சுபோன யூதக் கோயிலுக்கு அழுற பாட்டும் இதுல இருக்கு" என்று பாட்டின் எண்ணையும் சொன்னார். நான் அதை எழுதி வைத்த சீட்டு சட்டையோடு லாண்டரிக்குப் போய்விட்டது. அவர் போன் அணைந்திருக்கிறது.

அட்டை முழுக்க ஹீப்ரு. எதிர்க்கடை கீழக்கரை ரபீக் பாயிடம் ஓடினேன்.

"அரபின்னா படிச்சிருவேன் தம்பி. இது தெரியாதே!"

போட்டுக் காட்டினேன்.

"எல்லாமே மவுத்து வீட்டு அழுகை மாதிரில்ல இருக்கு!"

குத்துமதிப்பாக ஏழாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அட்டைப் படம் கீழே. ஹீப்ரு தெரிந்தவர்கள் ஆறு மணிக்குள் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு பார்ப்பவர்கள், வேறு ஹோட்டலில் வேலை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.