எங்கே கெட்டது இந்தப் போர்டு?

கெட்ட எலக்ட்ரானிக் போர்டைச் சரிசெய்யப் பத்து நிமிஷம் போதும். எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கத்தான் ரெண்டு நாள் ஆகும். சால்டரிங் கம்பி பிடித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஸ்பிரிட் வைத்தியம்

வடகரைத் தென்னை விவசாயி ஒருவர், அப்பாவின் ஆக்சிஜன் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தென்காசியில் என் கடைக்கு ஓடி வந்தார். வீட்டிலிருந்த சிலிண்டர் சாயங்காலம் வரைதான் தாங்கும். திறந்து பார்த்தால், போர்டில் கரண்ட் வரும் லைனில் ஷார்ட். அதே லைனில் முப்பது சின்ன கெப்பாசிட்டர்கள். எது ஷார்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் மறுநாள் ஆகிவிடும். வேறு வழி தெரியாமல் முதல் கெப்பாசிட்டரைக் கழற்றப் போனேன்.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் செல்வி, "கழத்தாதீங்கண்ணே" என்று சொல்லி, போர்டு முழுக்க ஸ்பிரிட்டைத் தடவி, குறைந்த வோல்ட்டில் கரண்ட் கொடுத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எங்கும் ஈரம்; ஓர் அரிசி அளவு இடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. ஷார்ட்டான பாகம்தானே சுடும்! அதை மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்பினோம். சாயங்காலம் விவசாயியின் அப்பாவே போனில் வந்தார்: "மெஷின் சத்தம் கேக்குதுல்லா? நீங்க பேசுங்க, நான் மூச்சு விடுதேன்."

குற்றாலத்தில் மட்டும் நிற்கும்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மோட்டார் போர்டு மூன்று முறை என்னிடம் வந்தது. மேசையில் ஜோராக ஓடும். அங்கே மாட்டினால் நின்றுவிடும். ஏன் என்று மண்டையைக் குடைந்தது. நேரில் போனேன். மோட்டார் ரூம் ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. காய்ந்த மேசையில் டெஸ்ட் பண்ணினால் எப்படித் தெரியும்?

கடைக்குக் கொண்டுவந்து, கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு லேசாக ஆவி காட்டினேன். ரெண்டே நிமிஷத்தில் மோட்டாரை ஓட்டும் ரிலே சுவிட்ச் கடகடத்தது; அதே கோளாறு. அழுக்கைக் கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசினேன்; அப்புறம் அது திரும்பி வரவேயில்லை. கூட வந்திருந்த லாட்ஜ் மேனேஜர் தும்மிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, கெட்டிலை அமத்தாதிய. எனக்கும் நாலு நாளா மூக்கடைப்பு."

நல்ல போர்டு

கடையநல்லூர் மும்தாஜ் அக்காவிடம் ஒரே மாடலில் ரெண்டு எம்பிராய்டரி மெஷின். ஒன்று நின்றுவிட்டது, கல்யாணத் துணி பாதியில். ஓடுகிற மெஷினின் போர்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று கெஞ்சி வாங்கினேன். அரை மணியில் பழுது அகப்பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு அளவு பார்ப்போமே என்று நல்ல போர்டில் கரண்ட் ஓடும்போதே மீட்டர் முனையால் தொட்டேன். கை வழுக்கி அதுவும் அணைந்தது. போனது ஃபியூஸ் மட்டும்தான், ரெண்டு மெஷினும் அன்றைக்கே ஓடின. ஆனால் அது தெரியவருவதற்கு முன்னால், ரெண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்கா மெதுவாகக் கேட்டார்: "இப்ப இதை எதோட வச்சுப் பாப்பிய, தம்பி?"

சீக்கிரம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பலன், எல்லாரும் இப்போது "ரெடியா?" என்று இன்னும் சீக்கிரமாகக் கேட்கிறார்கள் என்பதுதான்.