கூரேசாவின் கால்கள்

பெசமினோவின் தொடையை அவர் பெற்ற மகளே பார்த்ததில்லை. தெற்கு ஆக்லாந்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் வெயில் அடித்தால் போதும், சாமோவாக்காரர்கள் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். பெசமினோ மட்டும் முழுக்கால் சட்டையோடு நிற்பார். கடற்கரைக்குப் போனாலும் எல்லோருடைய செருப்புக்கும் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பார். "எங்கப்பாவுக்குத் தண்ணின்னா பயம்" என்று தெலேசியா பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

தண்ணீர் காரணமில்லை. இருபது வயதில், சாமோவாவின் சவாயி தீவில், அவரும் பெரியப்பா மகன் கூரேசாவும் ஒன்றாகப் பச்சை குத்திக்கொள்ளப் படுத்தார்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடம்பை நிறைக்கும் பச்சை அது. பெயா என்பார்கள். ஒருவனைத் தனியாக அந்த வலிக்கு விடக்கூடாது என்றுதான் ஜோடியாகப் படுக்க வைப்பது. பன்றியின் கோரைப்பல்லில் செய்த சீப்பை மையில் தோய்த்து, தோலில் வைத்துக் கோலால் தட்டுவார்கள். சுற்றிலும் பெண்கள் பாடுவார்கள். ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும். பாதியில் விட்டவனின் உடம்பே அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

கீழ்முதுகு முடிந்து இடது தொடையில் பாதி ஏறியிருந்தபோது பெசமினோ எழுந்தார். "குளிச்சிட்டு வரேன்" என்றார். ஊற்றுப் பக்கம் போனவர் பாய்க்குத் திரும்பவே இல்லை. கூரேசா தனியாகப் படுத்து முடித்தார்.

பெசமினோவின் அப்பா அதன்பிறகு சாகும்வரை அவரோடு பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். கல்யாண வீட்டில் யாராவது பாத்திரம் கழுவாமல் நழுவினால், "என்னடா, குளிக்கப் போறியா?" என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். பெசமினோவும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே தெலேசியாவும் அதைச் சொல்லி வளர்ந்தாள். பிறகு ஆக்லாந்துக்கு வந்து பஸ் ஓட்டிய கூரேசா மட்டும் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெசமினோவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

தேவாலய நிதிக்காக மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டி சரிந்து பெசமினோவின் இரண்டு தொடைகளிலும் முழங்கால்களிலும் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தினமும் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து, முழங்காலை மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் தழும்பு இறுகி, கால் நீட்டினபடியே நின்றுவிடும். பாயில் சம்மணம் போட முடியாத ஆளைச் சாமோவாக் குடும்பக் கூட்டத்தில் எங்கே உட்கார வைப்பது?

முதல் நாள் அவர் போட்ட கத்தல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. இரண்டாம் நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கெஞ்சினார். பார்க்க வந்திருந்த மைத்துனர், "குளிக்க நேரமாயிடுச்சு போல" என்றார். பெசமினோ சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடற்பயிற்சி கொடுக்கும் பிரான்வின் என்ற வெள்ளைக்காரப் பெண் மூன்றாம் நாள் வி.ஆர். கண்ணாடியோடு வந்தாள். கணுக்காலில் அசைவைக் கண்டறியும் இரண்டு பட்டைகளைக் கட்டினாள்.

"வலி காயத்துல மட்டும் இல்ல, பெசமினோ. உங்க உடம்பு எப்படி இருக்குன்னு மூளை நம்புதோ, அதுலயும் இருக்கு. கொஞ்சம் நல்ல கால்களைக் காட்டி அதை ஏமாத்துவோம்."

"என் மூளையை ஏமாத்த மெஷின் எதுக்கு? என் மச்சானே போதும்" என்றார் அவர்.

கண்ணாடியை மாட்டியதும் கடற்கரை வந்தது. குனிந்து பார்த்தார். இரண்டு கால்கள். பழுப்பு நிறம், வழவழப்பு, ஒரு வடு இல்லை. அவர் பாதத்தை அசைத்தால் அவையும் அசைந்தன. தொடையைப் பார்த்தார். கொப்புளம் இல்லை. பச்சையும் இல்லை. பாதிப் பச்சையும் இல்லை. யாரும் எதுவும் எழுதாத கால்.

எங்கோ தூரத்தில் யாரோ கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்துக்கு எத்தனை வலி?" என்று பிரான்வின் கேட்டாள்.

"ரெண்டு" என்றார். அது உண்மை. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது அவர் முகம் நனைந்திருந்தது. வலியால் என்று நினைத்து பிரான்வின் மன்னிப்புக் கேட்டாள்.

பத்து நாள் அப்படி நன்றாகவே போயிற்று.

தெலேசியா கம்ப்யூட்டரில் படம் வரையும் படிப்பு படிக்கிறாள். அப்பாவின் கீழ்முதுகில் இருந்த பச்சையை ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்ததும் கூரேசாவிடம் ஓடினாள். அவர் சுருக்கமாகச் சொன்னார். அன்று ராத்திரி முழுக்க அழுதாள், அந்தக் கேலியைத் தன் வாயாலும் சொன்னதற்காக. மறுநாள் கூரேசாவின் கால்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். பிரான்வினிடம் அனுமதி வாங்கி, கண்ணாடிக்குள் இருந்த கால்களின் மேல் அந்தப் பச்சையைக் கோடு கோடாக ஏற்றினாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு பரிசு இருக்கு. கீழ பாருங்க."

பெசமினோ பார்த்தார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கருகருவென்று முழுப் பெயா. அந்தக் கோடுகளை அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போகும்வரை பக்கத்துப் பாயில் படுத்து அவை ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்திருக்கிறார். அவை கூரேசாவின் கால்கள்.

கட்டின் முதல் சுற்றைப் பிரித்தார்கள். தொடையில் சீப்பு இறங்கியது. தட்டும் ஓசைகூடக் கேட்டது. கடற்கரை கடற்கரையாகவே இருந்தது. வலி மட்டும் தூரத்திலிருந்து எழுந்து வந்து அவர் மேல் உட்கார்ந்துகொண்டது.

"எப்படிப்பா இருக்கு?"

அவள் குரலில் இருந்த நடுக்கத்தை அவர் கேட்டார். எழுந்து ஓடத் தோன்றியது. ஒரு தடவை அப்படி எழுந்து போனதற்குத்தான் வாழ்நாள் முழுக்கக் கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மகள் பார்க்க இன்னொரு தடவையா?

"அழகா இருக்கும்மா."

"வலி எத்தனை?" என்றாள் பிரான்வின்.

"ரெண்டு."

அன்றிலிருந்து தினமும் அதே கால்கள், அதே ரெண்டு. அவர் கத்தவில்லை. ஆனால் காலை இரும்பாக இறுக்கிக்கொண்டார். பிடித்து மடக்கினால் பாதியில் நின்றது. "வலி இல்லேங்கறீங்க, கால் மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்று பிரான்வின் குழம்பினாள். "வயசாச்சில்ல" என்றார் அவர். தெலேசியா தாதிகளிடமெல்லாம், "பாத்தீங்களா, எங்கப்பா இப்ப எவ்வளவு அமைதியா இருக்கார்" என்று பெருமைப்பட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், வேலை முடிந்து பஸ்காரர் சீருடையோடே கூரேசா உள்ளே வந்தார். அப்போது கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெசமினோவின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கூரேசா முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி, அதை நசுக்குவதுபோல அழுத்திக்கொண்டிருந்தது. சவாயியில் பக்கத்துப் பாயில் படுத்தபடி அதே விரலை அவர் பார்த்திருக்கிறார்.

"நிறுத்துங்க. இவனுக்கு உயிர் போகுது."

"இல்ல பெரியப்பா, ரெண்டுதான்னு சொல்றாரே" என்றாள் தெலேசியா.

"டேய் பெசமினோ. எத்தனைடா?"

கட்டைவிரல் பக்கத்து விரலிலிருந்து கீழே இறங்கியது.

"பத்து" என்றது கண்ணாடிக்குக் கீழே இருந்த வாய்.

தெலேசியா கண்ணாடியைப் பிடுங்கினாள். "என்னைக்கிலேர்ந்துப்பா?"

"நீ வரைஞ்ச அன்னைலேர்ந்து. நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. அது உன் பெரியப்பன் கால், அவ்வளவுதான். நான் சம்பாதிக்காததை மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

"சொல்லியிருக்கலாமில்ல!"

"சொல்லிட்டு? மறுபடியும் குளிக்கப் போகச் சொல்றியா?"

யாரும் சிரிக்கவில்லை. கூரேசா நாற்காலியைத் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் கத்துனேன்டா. நீ போன மறுநாள். பொம்பளைங்க இன்னும் சத்தமாப் பாடி அதை மறைச்சாங்க. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

பெசமினோ தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன்டா என்கிட்டச் சொல்லல?"

"பக்கத்துல நீ இருந்திருந்தா கத்தியிருக்க மாட்டேன். அந்தக் கோபம்" என்றார் கூரேசா. பிறகு, "தப்புதான்" என்றார்.

பழைய வெற்றுக் கால்களை மறுபடி வைத்துத் தருவதாக பிரான்வின் சொன்னாள். பெசமினோ வேண்டாம் என்றார். மீதிக் கட்டைக் கண்ணாடி இல்லாமலே பிரித்தார்கள். அவர் கூரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தெலேசியா காதைப் பொத்தாமல் நின்றாள்.

ஆனால் அந்த மூன்று வாரம் திரும்பி வரவில்லை. வலது கால் ஓரளவு மடங்கியது. இடது முழங்காலில் தழும்பு இறுகிவிட்டது. அந்தத் தொடையில் இருந்த பாதிப் பச்சையும் எண்ணெயோடு போய், வெளுத்த தோல் மட்டும் மிச்சம். முதுகில் உள்ளது அப்படியே இருக்கிறது.

குடும்பக் கூட்டத்தில் கால் நீட்டி உட்கார்வது பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு. நீட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். அவர் வீடு திரும்பிய பிறகு நடந்த முதல் கூட்டத்தில் பெசமினோ பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலை மெல்ல நீட்டினார். மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூரேசா தோளில் கிடந்த துணியை எடுத்து அந்தக் காலின் மேல் போட்டார். போட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தார்.