நாலு கதவு வைத்த வாகனம்

சோற்றுக்குள் கம்பி விட்டுப் பார்ப்பதை நான் முதன்முதலில் கண்டது காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில். கல்யாணச் சோறு. ஆவி பறக்கிற கிடாரத்தின் மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு ஆமிப் பொடியன் குண்டு ஒளித்திருக்கிறதோ என்று நீளமான இரும்புக் கம்பியை நடுவில் குத்தி அடிவரைக்கும் இறக்கினான். பிறகு சாம்பார். பிறகு பாயாசம், அதே கம்பியால். மண்டபத்தில் பொம்பிளை வீட்டாரிடம் நான் சொல்லவில்லை. பாயாசம் இன்றைக்கு ஒரு தனி ருசி என்று மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்.

அந்த யுத்த வருடங்களில் நானும் என் கணவரும் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைத்தோம். குடியிருந்தது வெள்ளவத்தையில். சமையற்கொட்டில் கொட்டாஞ்சேனையில், புகைக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராத வளவு அங்கேதான் வாடகைக்குக் கிடைத்தது. மண்டபங்களோ எல்லாம் வெள்ளவத்தைப் பக்கம். ஆக, ஒவ்வொரு கல்யாணச் சாப்பாடும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, வழியில் உள்ள சாவடியெல்லாம் இறங்கி ஏறி வரவேண்டும். சண்டை வடக்கில் நடக்கிறது என்று பேப்பரில் போடுவார்கள். எங்களுக்கு அது சாம்பார் ஆறிப்போவதாக நடந்தது. அலுத்துப் போயிருந்தேன். பயம்கூட அப்போது இரண்டாம் பட்சம்தான். அலுப்புத்தான் முதலில் வரும்.

எங்களிடம் ஒரு கிழட்டு லொறி இருந்தது. பின்னால் திறந்த பெட்டியில் கிடாரங்களும் வாழையிலைக் கட்டும், அவை சரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற சமையல் ஆட்களும். முன்னால் ஓட்டுவது என் கணவர். பக்கத்தில் மடியில் முந்திரிப் பருப்புச் சரையோடு நான். சாவடியில் முதலில் இறக்குவது பின்னால் நிற்பவர்களைத்தான். "பஹின்ன, பஹின்ன" என்று தகரத்தில் தட்டுவார்கள். இறங்கு, இறங்கு. வரிசையாக நிற்கவைத்து அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். என்னைவிட வயதில் குறைந்தவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அட்டையில் தோட்டத்து விலாசம். ஆகவே கொட்டாஞ்சேனையில் குடியிருப்பதற்குப் பொலிஸில் பதிந்த துண்டும் எந்நேரமும் கையில் இருக்கவேண்டும். ஒருநாள் அது மற்றச் சட்டைப்பையில் இருந்துவிட்டது. அவ்வளவுதான். அவரை ஓரமாக நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். நாங்கள் போனோம். என்ன செய்வது, முகூர்த்தத்துக்கு நானூறு பேர் இலைக்கு முன்னால் இருக்கப் போகிறார்கள். சாப்பாட்டை இறக்கிவிட்டு என் கணவர் திரும்பி ஓடினார். பொழுதுபடும் நேரத்தில்தான் தம்பியை விட்டார்கள். வந்தவர் நேரே போய்க் கிடாரங்களைக் கழுவத் தொடங்கினார்.

அடுத்த கிழமை அவருடைய மனைவி வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தாள். ஏழு மாத வயிறு. பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள் போல, கதிரையில் இருந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"வேலய விட்டுறச் சொல்லலம்மா. பின்னால மட்டும் ஏத்தாதீங்க. ஒங்க கூட உள்ள ஒக்கார வச்சிக் கூட்டிட்டுப் போங்க. ஒங்களோட ஆளுன்னு தெரிஞ்சா விட்டுருவாங்க."

எங்களோடு இருந்தால் விடுவார்கள் என்று எந்த நம்பிக்கையில் சொன்னாளோ! எங்கள் அட்டையில் மட்டும் என்ன, யாழ்ப்பாணம் என்றுதானே கிடந்தது. ஆனால் அந்த வயிற்றுக்கு முன்னால் நான் வேறென்ன சொல்ல முடியும்? "அடுத்து வாங்கிற வாகனத்தில அவர் உள்ளுக்க இருந்துதான் வருவார், நீர் பயப்படாதையும்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த லொறி அதிக நாள் ஓடவில்லை. ஒரு காலை புறக்கோட்டை நெரிசலுக்கு நடுவே புகையைக் கக்கிக்கொண்டு நின்றே போய்விட்டது. வீட்டில் சண்டை தொடங்கியது. என் கணவருக்கு இன்னும் பெரிய லொறிதான் வேண்டும். ஒரே ஏற்றில் கிடாரம், மேசை, கதிரை, ஆட்கள் எல்லாம் போகும். சாவடியில் ஒருதரம் இறக்கி ஏற்றினால் அன்றைய பாடு முடிந்தது. எனக்கு டபுள் கேப். நாலு கதவு, உள்ளே இரண்டு வரிசை சீட்டு, பின்னால் சின்னப் பெட்டி.

"ரெண்டு தரம் ஓடவேணும். ரெண்டு தரம் கம்பி குத்துவாங்கள். இஞ்சேர், உமக்கு விளங்குதோ?"

"ஓம், விளங்குது. லொறி வாங்கினா உங்கட கிடாரம் சொகுசா வரும். மனிசர் எங்க இருக்கிறது?"

"இவ்வளவு காலமும் எங்க இருந்தவை?"

"நிண்டவை. இருக்கேல்லை."

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். முதுகு நோவுக்கு இரவில் நான்தான் தைலம் தடவுவேன். சாமானை இறக்கி ஏற்றுவதை ஒருதரமாவது மிச்சம் பிடிக்கலாம் என்று அந்த முதுகுதான் லொறி கேட்டது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

பேலியகொடையில் ஒரு தரகரின் வளவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. லொறி ஆனை மாதிரி. என் கணவர் அதன் டயரைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார், கண்ணில் அப்படியொரு ஆசை. டபுள் கேப் கடும் பச்சை, ஜப்பானில் ஓடி வந்தது, கண்ணாடியெல்லாம் கறுப்பு. தரகர் அதைப் புகழ்ந்து தள்ளினார்.

"ஃபோர் வீல், மேடம். மல ஏறும், ஆறு கடக்கும், சேத்துல பொதஞ்சாலும் எழும்பி வரும்."

"எங்களுக்கு ஆறு கடக்க வேண்டாம். கொள்ளுப்பிட்டிச் சாவடி கடந்தாக் காணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கணவர்தான் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவருடைய பிடிவாதமும் போய்விட்டது. "சரி, வாங்கித் தொலையும். காலி வீதியில மலை வந்தா ஏறுவம்." பின் கதவைத் திறந்து பார்த்தேன். சீட்டில் பிளாஸ்டிக் உறை கலையாமல் இருந்தது. அதில் தம்பி சாய்ந்து இருந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். சந்தோசமாக இருந்தது, அந்த வருடத்தில் நான் சந்தோசப்பட்ட நாட்கள் மிகக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை செய்தோம். ஐயர் முகப்பில் மூன்று குறி விபூதி இழுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார், மாலை போட்டார், சில்லுக்கடியில் தேசிக்காயை நசித்தோம். தீபாராதனை முடிந்து தெருவுக்கு இறங்குமுன் என் கணவர் வழக்கம்போல மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் விபூதியையும் குங்குமத்தையும் தடம் தெரியாமல் துடைத்தார். அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான். சாமியின் முன்னால் பூசுவது, சாவடிக்கு முன்னால் துடைப்பது. தமிழ் ஆட்களின் வாகனம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா போவது?

தம்பியின் வீடு கிட்டத்தான். கோயில் வடையும் கையுமாக, அவருக்கும் மனைவிக்கும் முதலில் காட்டிவிட்டுப் போவோம் என்றேன். பட்டப்பகல். ஒழுங்கைக்குள் பொடியள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரும்பி உள்ளே ஊர்ந்ததும் பந்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கதவு சாத்தியது. எதிர்க் கதவும் சாத்தியது. எங்கேயோ பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. அவர்களுடைய வாசலில் நிறுத்தி என் கணவர் ஹோர்ன் அடித்தார், குஷியில் இரண்டு தரம்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். வயிறு முன்னால், கை இரண்டும் அதற்கும் முன்னால். கையில் பொலித்தீன் உறைக்குள் அடையாள அட்டை, பொலிஸ் துண்டு. என் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். முழங்கால் மடங்குகிறது, மடங்குகிறது, வயிறு விடவில்லை.

"மாத்தயா, எயா மொகுத் கெருவே நே. மாத்தயா."

அவர் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. சிங்களத்தில், எனக்குச் சொல்கிறாள். கறுப்புக் கண்ணாடி வாகனத்தில் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற காலம், எங்களை அவர்கள் என்று நினைத்துவிட்டாள். நான் கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. ஒன்றை அமத்தினேன், பின் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருட்டும் வெறும் சீட்டும். அதைக் கண்டு அவள் இன்னும் பெரிதாக அழத் தொடங்கினாள். "கதவைத் திறவும், கதவைத் திறவும்!" என்று என் கணவர் கத்தினார். கைப்பிடியே அகப்படவில்லை. ஒருவழியாகத் திறந்து இறங்கி, "நான் பிள்ளை, நான்தான், பாரும் என்னை" என்று அவளைப் பிடித்தேன். வடைப் பை விழுந்து உருண்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆனால் அட்டையைக் காட்டிய கை இறங்கவே இல்லை. ஐயோ, அந்தக் கை. நானும் அழுதேன்.

தம்பி பின்மதிலால் குதித்துப் பக்கத்து வளவுக் கக்கூசுக்குள் ஒளிந்திருந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். வந்து வெட்கத்தோடு சிரித்தார். வாகனத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வண்டிம்மா" என்றார். மண் ஒட்டாத வடையாகப் பார்த்து ஒன்றைச் சாப்பிட்டார். நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்ய!

அடுத்த கல்யாணத்துக்குக் கிடாரமெல்லாம் ஏற்றி முடிந்ததும் நான் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "ஏறும் தம்பி." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையை ஒருதரம் தடவினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நா பின்னாலயே நின்னுக்கிட்டு வர்றேன்."

"ஏன்? உமக்கெண்டுதானே வாங்கினது."

"தெரியும்மா. இதுக்குள்ள ஒக்காந்தா யாருக்கும் என்னயத் தெரியாது. பின்னால நின்னா, எறக்கிக் கொண்டு போறத நாலு பேராச்சும் பாப்பாங்க."

என் கணவர் வாழையிலைக் கட்டைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். முதல் சாவடியிலேயே பின்னால் தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பஹின்ன, பஹின்ன. தம்பி இறங்கி, அட்டையும் துண்டுமாக வரிசையில் நின்றார். சாம்பாருக்குள் கம்பியை விட்டார்கள், ஆறினால் ஆறட்டும். பின்னால் பார்க்கிற பக்கக் கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது. அவர் திரும்பி ஏறும்வரைக்கும் நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.