ஒற்றைக்கண் பைரவனுக்கு ஒரு மகள்

வில்லன் வேலை என்பது இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊர்ச் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. நாடகத்திலோ வேறெதிலோ கெட்டவனாக நடித்துவிட்டு, வெளியே வந்து நிம்மதியாக ஒரு சாயா குடிக்க முடியாமல் தவித்த அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

தொண்டை

திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்த காலம். ஒரு வாரப் பத்திரிகையில் வந்த படக்கதையைத் திருவனந்தபுரத்து ரேடியோவில் வியாழக்கிழமைதோறும் தமிழ் நாடகமாகப் போட ஏற்பாடு. அதில் வில்லன் ஒற்றைக்கண் பைரவன். சொத்துக்காகப் பெற்ற மகளையே கிணற்றில் தள்ளுகிற சண்டாளன்.

நான் கதாநாயகன் வேஷம் கேட்டுத்தான் சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறினேன். மைக் முன்னால் நின்று உருகி உருகிக் காதல் வசனம் படித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாடகம் போடுகிறவர் வெளியே வந்து என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “ஓய், காதலிக்க இங்க ஆளு நெறைய உண்டு. கொல்லுகதுக்கு ஒம்மள மாதிரி ஒரு தொண்டை கெடைக்காது.”

டிக்கெட்

ரேடியோவில் எங்கள் கிணறு ஓர் அண்டாத் தண்ணீர்தான். உரித்த தேங்காயை அதில் போட்டால் ‘தொபுக்’. மகளாக அலறுகிற அம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் அலறுவாள். இதையெல்லாம் ஊர் எங்கே கண்டது? சத்தத்தைத்தானே கேட்டது!

படக்கதைப் பைரவனுக்கு ஒரு கண். எனக்கு இரண்டும் தெளிவு. அதனால் ஒருவரும் அடையாளம் காணமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். நாகர்கோவிலில் பஸ் ஏறி “சுசீந்திரம் ஒண்ணு” என்றேன். பக்கத்தில் இருந்த பெண் மடியிலிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். “ஏம்மா, நான் என்ன செய்தேன்?” என்றேன். அதுவும் பைரவன் குரலில்தான் வந்தது, எனக்கு வேறு குரல் ஏது? குழந்தை வீறிட்டது. கண்டக்டர் ஓடிவந்து கும்பிட்டார்: “அண்ணாச்சி, இனிமே வாயத் தொறக்காதேயும். கையக் காட்டும், டிக்கெட்டு தாறேன்.”

மூடி

என் மகள் பகவதி தாயில்லாப் பிள்ளை. ஊர்க் குழந்தைகள் பயந்து அலறிய இதே குரலில் நான் தாலாட்டினால்தான் சின்ன வயதில் அவள் கண்ணை மூடுவாள். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது.

முதலில் நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் நின்று “வாருங்க, இரிங்க” என்றேன். அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேரே புறவாசலுக்குப் போய்க் கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு வந்த இடங்களும் இப்படியே கழன்றுபோயின. பகவதி அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த முதல் அம்மாள் காப்பியைத் தொடாமல் எழுந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “பொண்ணு தங்கம்தான். ஆனா பெத்த மவளக் கெணத்துல தள்ளுன வாயி. அந்த வாயால பொண்ணு தந்தேன்னு சொன்னா, எம்மவன் வெளங்குவானா?”

சபை

வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். வேலையை விடலாம், தொண்டையை எங்கே கழற்றி வைப்பது?

அருமனையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. இந்தத் தடவை என் மைத்துனன் முந்திக்கொண்டான். “அத்தானுக்குத் தொண்டையில ஒரு தீனம் வந்து பேச்சு போச்சு” என்று போட்டானே ஒரு போடு! பகவதி மேலிருந்த பிரியத்தில் ஊரே அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. நிச்சயத்தன்று பெண்ணின் தகப்பன் தாம்பூலத் தட்டைக் கொடுத்து, ‘பொண்ணத் தந்தேன்’ என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். தட்டு என் கையில் இருந்தது. வார்த்தையை மைத்துனன் சொன்னான்.

கல்யாணம் முடிந்து காரில் ஏறும்முன் பகவதி என் காலில் விழுந்து எழுந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘போயிட்டு வா மக்களே’, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்: “வெசனப்படாதேயும். பேச்சில்லைன்னா என்ன? அந்த ரேடியோப் பாவிக்குப் பேச்சு இருந்து என்ன பிரயோசனம்?”

வியாழக்கிழமை

சில மாதம் கழித்து மகளைப் பார்க்க அருமனை போனேன். ரப்பர் விலை ஏறி, புதிதாக ரேடியோ வாங்கி நடுவீட்டில் வைத்திருந்தார்கள். பகவதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பேசாத மனுஷனிடம் பேச எல்லாருக்கும் இஷ்டம்தானே? சம்பந்தி ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்: “ஒமக்க மவ காரியம் ஒண்ணு எனக்குப் பிடிகிட்டல்ல. வியாழக்கெழம அந்தப் பைரவன் சத்தம் கேட்டா நாங்க எல்லாரும் காறித் துப்புவோம். இவ மட்டும் ரேடியோப் பக்கத்துல போயி இருப்பா. அவன் சிரிச்சா, இவ கண்ணு நெறஞ்சு கரைவா. எதுக்குட்டீன்னு கேட்டா சொல்லமாட்டா. ஒமக்காவது தெரியுமா?”

வில்லனாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் வாரத்துக்கு ஒரு தரம் மகளோடு பேச முடிந்ததுதான் என்பதால், அதற்குப் பிறகு பைரவனின் சிரிப்பைக் கொஞ்சம் நீட்டியே சிரித்துவந்தேன்.