மாமன் சீராக வந்த அடுப்பு

பெறப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் உரிய காலத்துக்குள் பதில் அனுப்பப்பட வேண்டும். இறுதிப் பதில் தர இயலாவிட்டால், அதற்கான காரணத்தைக் குறிப்பிட்டு இடைக்காலப் பதிலாவது அனுப்பப்பட வேண்டும். அலுவலக நடைமுறையின் அரிச்சுவடி இது. இதை ஒப்பித்துத்தான் நான் துறைத் தேர்வில் தேறினேன். பிறருக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லியே பணி ஓய்வும் பெற்றேன். ஆனால் என் அப்பா காஸ் இணைப்புக் கேட்டு மனுப் போட்டது புதுக்கோட்டையில் இருந்த ஒரு தனியார் ஏஜென்சியில். அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். உலகம் முழுவதும் ஒரே நடைமுறைதான் என்று நம்பியவர். ஆகவே பதில் வரும் என்று காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

போன மாதம் என் மகள் வீட்டில் நான்கு பர்னரும் அடியில் கேக் சுடும் ஓவனும் வைத்த பெரிய அடுப்பு ஒன்றை வாங்கி இறக்கினார்கள். அதன் முழுப் பயனையும் பெறுவது எப்படி என்று அவள் கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட அடுப்பின் முழுப் பயனையும் பெற்ற குடும்பம் இந்த மாவட்டத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். அதையும் காஸ் இல்லாமலே பெற்றோம்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா, குவைத்தில் வேலையில் இருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மடி குவைத்தில் இருந்ததால் மூன்றாம் வகுப்பு வரை என் காது மூளியாகவே இருந்தது. காதுகுத்துக்கு முந்திய தடவை லீவில் வந்தபோது மாமா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஈரத் தென்னை மட்டையை அடுப்பில் வைத்து ஊதி ஊதி அம்மா தோசை சுட்டாள். ஒவ்வொரு தோசைக்கும் இடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். டாக்டர் ஏற்கெனவே புகைப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்ன மருந்துகளில் அது ஒன்றுதான் கடையில் கிடைக்காதது.

"என்னக்கா, இந்த இருமலக் கேட்டுக்கிட்டு எப்பிடிக்கா நான் சாப்புடுறது?" என்று மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த தடவை என் காதுகுத்துக்கு வந்தபோது அந்த அடுப்போடு வந்தார்.

சீர்வரிசையில் பழத்தட்டும் பட்டுப்பாவாடையும் ஆட்டுக்கிடாயும் முன்னால் போக, மேளம் முழங்க, கடைசியாக ஒரு மாட்டுவண்டியில் மாலை போட்ட அடுப்பு வந்தது. வெள்ளை வெளேரென்று, என் உயரத்துக்கு, முன்பக்கம் கண்ணாடிக் கதவோடு இருந்தது. ஊரே கூடிவிட்டது.

"பீரோவாப்பா?"

"பீரோவுல எதுக்குக் கண்ணாடி? டி.வி.ங்கிறாங்களே, அதுவா இருக்கும்."

"அடுப்புய்யா அது."

"அடுப்புக்கு எதுக்குக் கண்ணாடி?"

"உள்ள என்ன வேகுதுன்னு மாமியாக்காரி வெளியில இருந்தே பாக்கத்தான்."

மறுநாள் அப்பா அடுப்போடு வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்கு ஆபீஸ் வரைக்கும் நன்றாகத் தெரியும். முதல் பக்கத்தில், உபயோகத்துக்கு முன் ஓவனைக் காலியாக அரை மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதைச் செய்யாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போவது முறையல்ல என்பது அவர் கருத்து. சூடாக்க காஸ் வேண்டும். காஸுக்கு மனுப் போட்டாகிவிட்டது. "வரிசை வரும்போது தகவல் சொல்லுவோம் சார்" என்று ஏஜென்சியில் சொன்னதை அப்பா உறுதிமொழி என்று எடுத்துக்கொண்டார். மாமா குவைத்துக்குத் திரும்பிப் போனார். அம்மா பழையபடி ஊதுகுழலோடு அடுப்புக்கு முன்னால் குந்தினாள். புது அடுப்பு சுவரோரம் நின்றது.

ஆனால் அம்மா எதையும் சும்மா நிற்க விடுகிறவள் இல்லை. ஓவனுக்குள் பாலும் தயிரும் போயின. எங்கள் தெருப் பூனைகள் கண்ணாடி வழியே அவற்றைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போயின. மழைக்காலத்தில் என் சீருடை அதன் கம்பித் தட்டில் காய்ந்தது. நாலு பர்னர்களில் ஒன்றின் மேல் அம்மா தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி வைத்தாள். ரேஷன் மண்ணெண்ணெய் காலைக் காப்பிக்குத்தான் காணும். ஆனால் அந்தக் காப்பியை அவள் நின்றுகொண்டே, இருமாமல் போட்டாள். பின்னால் இருந்து பார்த்தால் யாரோ வேறு ஒரு அம்மா மாதிரி இருக்கும். அடுப்பின் மேல் அடுப்பு வைப்பதைப் பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை என்று அப்பா கவலையோடு சொன்னார். தடையும் இல்லையே என்று அம்மா கேட்டாள். அப்பா திரும்பவும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இப்படி ஒரு வருஷம் போன பிறகு, புதுக்கோட்டையிலிருந்து அத்தை சொல்லி அனுப்பினாள். அத்தை அப்பாவின் அக்கா. டவுனில் அவள் வீட்டுக்குக் காஸ் எப்போதோ வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், கீரமங்கலத்திலிருந்து பூ ஏற்றிப் போகும் வேனில் அடுப்புக்கு இடம் சொல்லியிருப்பதாகவும் செய்தி. அப்பா அதை வாசலில் நின்றே உரக்கச் சொன்னார். அடுப்படியில் அம்மாவின் ஊதுகுழல் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது.

சனிக்கிழமை நான் வெளியே விளையாடிவிட்டு வந்தபோது ஒரு அதிசயம் காத்திருந்தது. புது அடுப்பின் அடியில் அகலமான ஒரு டிராயர் உண்டு. அது பாதி திறந்திருந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோலின் மேல் எங்கள் கருப்புக் கோழி கண்ணை உருட்டிக்கொண்டு அடை படுத்திருந்தது.

"தானாப் போயி உக்காந்துக்கிச்சு" என்றாள் அம்மா.

அந்த டிராயரை இழுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும், காலையும் உதைத்துக்கொள்ள வேண்டும். கோழி அதை எப்படித் திறந்தது, வைக்கோலை எப்படிப் பரப்பியது என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கோழிக்கு மாமா வாங்கி வந்த அடுப்பைப் பிடித்துவிட்டது என்ற பெருமைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். வந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, நான் ஒண்ணும் சும்மா கேக்கல. எங்க வீட்ல சிலிண்டரு ரெண்டு இருக்கு, அடுப்பு ரெண்டே கண்ணு. இங்க நாலு கண்ணு இருக்கு, சிலிண்டர் இல்ல. கடவுள் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக் குடுத்துட்டான். ஒங்களுக்கு கேஸ் வந்த அன்னைக்கே கொண்டாந்து எறக்கிடறேன். என்ன சொல்ற?"

"நீங்க சொல்றது நியாயம்தான்க்கா" என்றார் அப்பா. அக்கா சொல்வது எப்போதுமே அவருக்கு நியாயம்தான். ஆனாலும் ஃபைலை முடிக்கும் முன் கையெழுத்து விட்டுப்போகக் கூடாதே. "சீரு வந்தது புள்ள பேருல. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

அத்தை என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "என்ன மருமகளே, ஒன் அடுப்ப அத்தைக்குக் குடுக்கிறியா?"

"எடுத்துக்கங்க அத்தை" என்றேன். "ஆனா இப்ப வேண்டாம். கோழி அடை படுத்திருக்கு."

அத்தை அடுப்படிக்குள் வந்து குனிந்து பார்த்தாள். கோழி முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. அத்தை கோழியைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், டிராயரின் கைப்பிடியைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் முதுகை வெகுநேரம் பார்த்தாள். அம்மா திரும்பவே இல்லை. குனிந்து விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அப்பா கையேட்டைப் புரட்டி உரிய பக்கத்தை எடுத்துவிட்டார். "சூடா வச்சுக்கிறதுக்கான அறைன்னுதான்க்கா போட்டிருக்கு. கோழி சரியாத்தான் உபயோகப்படுத்துது."

"எத்தனை முட்டை?" என்று அத்தை கேட்டாள்.

"பதிமூணு அண்ணி" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"ம்" என்றாள் அத்தை. "அடைக் கோழியக் கலைக்கிறது பாவம். பொரிக்கட்டும்."

வேன் பூவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தாள். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மட்டையெல்லாம் ஈரம். குழம்பு கொதிப்பதற்குள் அடுப்படியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இருமல் வந்தால் நிற்காது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு அது பழகிய காட்சி. நான் அப்பளம் எப்போது பொரிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை போய், அம்மா மறுபடி எடுக்கப்போன ஊதுகுழலைப் பிடுங்கினாள். "எந்திரி. அங்கிட்டுப் போயி காத்துல உக்காரு."

"இருக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கிறேன்."

"எந்திரிங்கிறேன்ல."

அத்தை நாலு தடவை ஊதினாள். ஐந்தாவதற்கு அவளுக்கே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "எப்பிடிடி இதுல கெடக்கிற?" என்றாள்.

"பழகிருச்சு அண்ணி."

"என்னத்தப் பழகிருச்சு? நானும் கல்யாணம் ஆகிப் பதினஞ்சு வருசம் இதுலதான் வெந்தேன். கேஸ் வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு பாரு."

அதற்குப் பிறகு சமையல் முடியும் வரை அவள் ஊதுகுழலை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அன்று குழம்பில் உப்பு அதிகம்.

குஞ்சு பொரித்தது. சொல்லி வைத்த மாதிரி அத்தையும் வந்து இறங்கினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுத்தது நான்தானே. ஆனால் அத்தை வேனில் வரவில்லை, பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு கூடை இருந்தது. கூடை நிறையத் தவிடு, தவிட்டுக்குள் முட்டைகள்.

"எங்க வீட்டுக் கோழிக்கு டவுனு ஒத்துக்கல போலருக்கு, அடை உக்கார மாட்டேங்குது" என்று அம்மாவிடம் நீட்டினாள். "இந்தா புள்ள, இதையும் அந்த டிராயர்லயே வையி. ராசியான எடம்."

அம்மா கூடையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கே எங்கள் செவலைக் கோழியும் ‘தானாகப் போய்’ உட்கார்ந்துகொண்டது.

இப்படியே அந்த வருஷம் ஓடியது. ஒரு கோழி இறங்கினால் இன்னொன்று ஏறியது. முட்டை குறைந்தால் அத்தை பஸ்ஸில் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லை குஞ்சுகளால் நிறைந்தது. அப்பா ஏஜென்சிக்கு நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் எழுதினார், ஒவ்வொன்றிலும் முந்திய கடிதத்தின் தேதியை மேலே ‘பார்வை’ என்று குறிப்பிட்டு. இடையிடையே அக்காவுக்காக உள்ளபடியே வருத்தப்பட்டார். "பாவம், அக்கா ஆசையாக் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் இப்பிடித் தள்ளிப்போகுது. இந்தக் கோழிகளுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று என்னிடம் சொல்வார். எனக்கும் அதே வருத்தம்தான். அடுப்பு வேண்டும் என்று வந்த அத்தை, அதை எடுத்துப்போக முடியாமல் தடுக்கும் முட்டைகளைத் தானே ஏன் சுமந்து வருகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தைக்குக் கொஞ்சம் விவரம் போதாது என்று முடிவு செய்தேன்.

கடைசியில் ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது. இணைப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, ரேஷன் கார்டோடு நேரில் வரவும் என்று ஒரு தபால் அட்டை. அத்தை அன்று எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பா அட்டையை இரண்டு பேருக்கும் தமிழில் ஒரு தடவை, அதன் கம்பீரம் விட்டுப்போகாமல் இருக்க ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்துக் காட்டினார். அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். டிராயரில் பொரிக்க இன்னும் நாள் இருந்த ஒரு கோழி படுத்திருந்தது. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, அதைப் பூ மாதிரி தூக்கினாள். அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் இருந்த பழைய கூடைக்கு மாற்றினாள். அத்தை கோழியை அதன் மேல் வைத்தாள். கோழி இரண்டு தடவை நகர்ந்து, முட்டையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

நான் கத்தினேன். "ஐயோ அத்தை, கலைச்சா கூமுட்டையாப் போயிருமே!"

"அடி இவளே, மசங்குன நேரத்துல மாத்துனா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. கோழி வளக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே."

"அப்ப அன்னைக்கே மாத்தியிருக்கலாமே? அடுப்ப எடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. அத்தைக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் காலி டிராயருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அம்மாவுக்கு இருமலில் போய் முடிந்தது. அத்தை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் அட்டையைத் திரும்பவும் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் விளங்கவில்லை. அவர் அதன் மூலையில், வரப்பெற்ற நாள் என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.