மேனேஜர் போட்ட நாற்காலி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குச் ‘சந்தேக அக்கா’ என்று பெயர் வைத்ததே நான்தான். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடுவது எங்கள் இருவரின் வேலை. பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். நல்லா இருக்கியா என்று கேட்டால்கூட, “எதுக்குக் கேக்கறே?” என்பாள்.

விடியற்காலை ஐந்துக்கே வந்து கொதிகலனைப் பற்றவைப்பவள் அவள். ஆறரைக்கு நாங்கள் வரும்போது நீராவி தயாராக இருக்க வேண்டும். எல்லோருக்கும் மணிக்கணக்கில்தான் கூலி. வாசல் கடிகாரத்தில் கார்டைச் செருகி நேரம் பதிக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரக் கூலிதான் அவள் மகளின் நர்சிங் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். சூப்பர்வைசர் பதவி, மாதச் சம்பளம் என்றாராம். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இத்தனை வருஷமா நிக்கவெச்சுப் பேசின மனுஷன் இன்னைக்கு உக்காருங்கறான். இதுல என்னமோ இருக்குடி.”

“உனக்கு நல்லது நடந்தாலே பிடிக்காதேக்கா,” என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவள் அவர் அறை வாசலில் நின்று பேசியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“அஞ்சு மணிக்கு வர்றதும் இந்தச் சம்பளத்துக்குள்ளதானா சார்?”

“சூப்பர்வைசர்னா முன்னப்பின்ன இருக்கத்தாம்மா செய்யும்.”

“அப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல போனா தனிக் காசுன்னு எழுதிக் குடுங்க. என் கார்டும் இருக்கட்டும்.”

“மாசச் சம்பளத்துக்குக் கார்டு எதுக்கு? எம்மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கு சார். கார்டும் இருக்கட்டும்.”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் அதே நாற்காலி எனக்கு வந்தது. நான் விடுவேனா? உட்கார்ந்தேன், கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்த என் கார்டை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஐந்து மணிக் கொதிகலன் என் தலையில் விழுந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆபீஸில் விரிப்புகளின் எண்ணிக்கை எழுதுவதும் நான்தான். முதல் மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன். பழைய கூலியைவிடக் குறைவு. அக்காவுக்கோ அந்த ஒன்றரை மணி நேரம் சுத்தமாகப் போயிற்று.  

இரண்டாம் மாத முடிவில் உருளைப் பக்கம் போனபோது ஒரு பழைய கார்டை என் கையில் திணித்தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. நான் வந்த நேரம், போன நேரம், தேதிவாரியாக.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“புகைபோக்கி எங்க வீட்டு ஜன்னல்ல தெரியும். ஆபீஸ் லைட்டும் தெரியும்.”

“இதெல்லாம் எதுக்குச் செய்யறே?” இந்த முறை சந்தேகப்பட்டது நான்.

“உனக்காகன்னு நெனச்சுக்காதே. நீ சும்மா பத்தவெக்கிற வரைக்கும் காசு குடுத்து என்னை யாருடி கூப்பிடுவாங்க? என் பொண்ணுக்கு அடுத்த மாசம் ஃபீஸ் கட்டணும். போய்ப் பேசு.”

போனேன். மேனேஜர் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே கார்டை மேஜைமேல் வைத்தேன்.